🏛️ இந்தத் தூண் கட்டட எமோஜிக்கு என்ன பொருள்?

கேள்வி (ஒரு வாசகர்)

குழுவில் ஒருவர் "நாளை 🏛️ போகிறோம், பத்து மணிக்குத் தயாராக இருங்கள்" என்று போட்டார். பாதிப் பேர் அருங்காட்சியகம் என்று எடுத்துக்கொண்டோம். ஒருவர் நீதிமன்றம் என்று பதறிப்போய்ப் போன் செய்துவிட்டார். இதற்கு உண்மையில் என்னதான் பொருள்? ஏதென்ஸில் இருக்கும் பழைய பார்த்தினன் கோவில்தானே இது?

ஜூன் 4, காலை

பார்த்தினன் இல்லை. ஏதென்ஸிலோ ரோமிலோ இருக்கிற எந்தக் குறிப்பிட்ட கட்டடமும் இல்லை. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண்ணும் பெயரும் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடு பட்டியலில் இதன் பெயர் 'கிளாசிக்கல் பில்டிங்'. கிரேக்க, ரோமானிய பாணியில் தூண் வைத்துக் கட்டிய ஒரு கட்டடம் என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. உள்ளே வழக்கு நடக்கிறதா, பணம் எண்ணுகிறார்களா, சிலை வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அனுப்புகிறவர் மனதில்தான் இருக்கிறது. உங்கள் குழுவில் அருங்காட்சியகம் என்று நினைத்தவர்களும் சரி, நீதிமன்றம் என்று நினைத்தவரும் சரி. அனுப்பியவர் கூடவே ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும்.

குறிப்பிட்ட இடங்களுக்கு எமோஜியே கிடையாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். டோக்கியோ கோபுரம் 🗼, சுதந்திர தேவி சிலை 🗽, ஃபூஜி மலை 🗻 எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை ஆரம்ப காலத்தில் வந்தவை. இப்போது குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கோ நினைவுச் சின்னத்துக்கோ எமோஜி கேட்டு விண்ணப்பித்தால் யூனிகோடு ஏற்பதில்லை. அது அவர்கள் விதியிலேயே இருக்கிறது.

ஜூன் 4, மாலை

"அப்படியானால் அருங்காட்சியகத்துக்கு எந்த எமோஜி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. நீதிமன்றத்துக்கும் இல்லை. நூலகம், நாடாளுமன்றம், நகரசபை எதற்கும் தனிப் படம் கிடையாது. அதே பட்டியலில் இரண்டு தபால் நிலையங்கள் 🏣 🏤, ஒரு வங்கி 🏦, ஏடிஎம் 🏧, பல்பொருள் அங்காடி 🏬, 24 மணி நேரக் கடை 🏪, ஏன், காதலர் விடுதிகூட 🏩 இருக்கிறது.

காரணம் எளிது. எமோஜியின் முதல் தொகுப்பு ஜப்பானியக் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து வந்தது. போனில் வழி சொல்ல, அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட, அன்றாடம் ஒருவர் போகிற இடங்களுக்குச் சின்னம் வைத்தார்கள். வங்கிக்கும் கடைக்கும் தினம் போவார்கள், நீதிமன்றத்துக்கு யார் தினமும் போகிறார்கள்? அந்தத் தொகுப்பை 2010இல் யூனிகோடு 6.0 பெரும்பாலும் சேர்த்துக்கொண்டது.

🏛️ அந்த வழியில் வந்ததல்ல. மைக்ரோசாஃப்ட் 1997இல் வெளியிட்ட வெப்டிங்ஸ் என்ற எழுத்துரு நினைவிருக்கிறதா? எழுத்துகளுக்குப் பதில் சிறு சிறு படங்கள் நிறைந்தது. இணைய வேகம் குறைவாக இருந்த காலம் அது. தனிப் படக் கோப்பு ஏற்றாமல், எழுத்தைப் போலவே வலைப்பக்கத்தில் சின்னம் காட்ட அது உதவியது. அந்தப் படங்களுக்கு யூனிகோடில் இடம் கொடுக்க வேண்டும் என்று முடிவானபோது 2014இல் 7.0 பதிப்பில் இந்தத் தூண் கட்டடமும் வந்தது. பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள்: கட்டுமானப் பணி, வீடுகள், நகரக் காட்சி, பாழடைந்த வீடு, பாலைவனம், தீவு, தேசியப் பூங்கா, விளையாட்டரங்கம். வரைபடத்தில் ஒட்டுகிற சின்னங்களின் வரிசை இது. அடுத்த ஆண்டு எமோஜி 1.0 பட்டியல் வந்தபோது அதிலும் சேர்ந்துகொண்டது.

ஆக, ஜப்பானியத் தொகுப்பு விட்டுவைத்த இடைவெளிகளை எல்லாம் மக்கள் இந்த ஒரு கட்டடத்தை வைத்து நிரப்புகிறார்கள். பொருள் குழம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஜூன் 5

என் பெரியம்மா இதைக் கோவில் என்றுதான் படிப்பார். வேறு எதுவாகவும் அவருக்குத் தோன்றுவதில்லை. பேரன் பட்டமளிப்பு விழா அழைப்பில் 🏛️ போட்டு அனுப்பியிருந்தான். "விழாவுக்கு முன்னால் கோவிலுக்குப் போகிறீர்களா, நானும் வருகிறேன்" என்று பதில் போட்டார். வீட்டில் எல்லோரும் அவருக்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அவர் சொன்னதுதான் இந்தப் படத்தின் மூலத்துக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. முக்கோண முகப்பு, கீழே தூண் வரிசை, அதற்கும் கீழே படிகள் என்ற இந்த அமைப்பு கிரேக்கத்தில் முதலில் கோவிலுக்கு உரியது. மற்ற எல்லாம் பிறகு அதை இரவல் வாங்கியவை.

இந்துக் கோவிலுக்கு 2019இல் 🛕 தனியாக வந்துவிட்டது. தேவாலயம், மசூதி, யூத ஜெப ஆலயம், ஷிண்டோ ஆலய வாயில் எல்லாம் அதற்கு முன்பே இருக்கின்றன. எனவே வழிபாட்டு இடத்துக்கு 🏛️ போட இன்று தேவையில்லை.

ஜூன் 5, இரவு

"கோவில் எப்படி வங்கிச் சின்னம் ஆனது?" இதைக் கேட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இது.

கோவில் முதலிலிருந்தே கொஞ்சம் வங்கியும்தான். கி.மு. 454இல், ஏதென்ஸ் தலைமையில் கிரேக்க நகரங்கள் சேர்ந்திருந்த டீலோஸ் கூட்டணியின் கருவூலத்தை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். கி.மு. 447இல் பார்த்தினன் வேலை தொடங்கியது. உள்ளே நின்ற ஏதீனா தெய்வச் சிலையின் மேல் பொதிந்த தங்கம் கழற்றி எடுக்கும்படி செய்யப்பட்டிருந்தது. போர் வந்து பணம் தீர்ந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் சொன்னதாக வரலாற்றாளர் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். எடை 40 டாலந்து (அந்தக் கால கிரேக்க எடை அளவு). ரோமிலும் இதே கதை, அரசின் கருவூலம் சாட்டர்ன் என்ற ரோமானியக் கடவுளின் கோவிலில் இருந்தது. தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் கை வைக்கத் தயங்குவார்கள் என்ற நம்பிக்கை.

நெடுங்காலம் கழித்து, மத வேலையே இல்லாத கட்டடங்கள் இந்த முகத்தை மாட்டிக்கொள்ளத் தொடங்கின. 1780களில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், பிரான்சின் நீம் நகரில் நிற்கும் ரோமானியக் கோவில் ஒன்றை மாதிரியாக வைத்து வர்ஜீனியாவின் சட்டமன்றக் கட்டடத்தை வடிவமைத்தார். ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு வங்கியை நேராகப் பார்த்தினனைப் பார்த்தே வரைந்தார். 1824இல் முடிந்தது, இன்றும் நிற்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ராபர்ட் ஸ்மர்க் வைத்த தெற்கு முகப்பில் அயோனியம் என்ற கிரேக்கப் பாணியில் 44 தூண்கள். நியூயார்க் பங்குச் சந்தை 1903. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935 வரை சொந்தக் கட்டடம் இல்லாமல் இருந்தது. கட்டிக்கொண்டபோது அதுவும் கொரிந்தியம் என்ற இன்னொரு கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு கோவில் முகத்தையே தேர்ந்தெடுத்தது.

வங்கி, நீதிமன்றம், அருங்காட்சியகம், சட்டமன்றம் எல்லாம் ஒரே முகத்தோடு நிற்பதற்குக் காரணம், எல்லாமே நம்மிடம் கேட்பது ஒன்றைத்தான்: "உன் பணத்தை, உன் வழக்கை, உன் முன்னோர் பொருளை என்னிடம் விட்டுப் போ, நான் நாளையும் இங்கேதான் இருப்பேன்." தூணும் கல்லும் அதைப் பேசாமலே சொல்லிவிடுகின்றன. என்னைக் கேட்டால் 🏛️ என்பதன் உண்மையான பொருள் இதுதான். நிலைத்து நிற்கும் ஒரு பொது அமைப்பு.

ஜூன் 7

மேலே நான் எழுதியது வெறும் தத்துவம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சரி, மென்பொருளிலிருந்தே சாட்சி தருகிறேன்.

செயலி வடிவமைப்பவர்கள் நிறையப் பேர் ஃபான்ட் ஆஸம் என்ற சின்னத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் 4ஆம் பதிப்பில் இந்தத் தூண் கட்டடப் படத்தை மூன்று பெயரில் அழைக்கலாம்: பல்கலைக்கழகம், வங்கி, நிறுவனம். மூன்றுக்கும் ஒரே படம். 6ஆம் பதிப்பில் பெயரை 'தூண்கள் உள்ள கட்டடம்' என்ற பொருளில் மாற்றிவிட்டு, பழைய பெயர்களையும் விட்டுவைத்து, அருங்காட்சியகம் என்ற பெயரையும் சேர்த்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் முயற்சியைக் கைவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைப் பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு இது மிக நேர்மையான முடிவாகப் படுகிறது.

கூகுளின் மெட்டீரியல் சின்னங்களில் இதே படத்துக்குப் பெயர் கணக்கு இருப்பு. அதனால்தான் பணம் அனுப்பும் செயலிகள் பலவற்றில் 'வங்கிக் கணக்கு' என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னக் கோவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யுனெஸ்கோவின் சின்னமும் இதே குடும்பம்தான், அங்கே பெயரின் ஆறு ஆங்கில எழுத்துகளே ஆறு தூண்கள்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

தூண் எண்ணிக்கை பற்றி. யூனிகோடு படத்தை வரைந்து தருவதில்லை, எண்ணும் பெயரும் மட்டும்தான் தருகிறது. வரைவது ஆப்பிள், கூகுள், சாம்சங், மைக்ரோசாஃப்ட் ஆகியவர்களின் வேலை. ஆகவே தூண்களும் நிறமும் படிகளும் போனுக்குப் போன் மாறும். "என் போனில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரேக்கக் கோவிலின் முகப்பில் தூண்கள் பெரும்பாலும் இரட்டைப்படை: நான்கு, ஆறு, எட்டு. பார்த்தினனுக்கு முன்னால் எட்டு, பக்கவாட்டில் பதினேழு. முன்பக்கம் இரட்டைப்படையாக இருந்தால்தான் நட்டநடுவில் இடைவெளி விழும், வாசல் தெரியும், உள்ளே நிற்கும் சிலையை நேராகப் பார்க்கலாம். ஒற்றைப்படை வைத்தால் நடுவில் ஒரு தூண் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும். விதிவிலக்கு உண்டு. இத்தாலியின் பேஸ்டம் நகரில் ஹீரா கோவில் ஒன்றில் முகப்புத் தூண்கள் ஒன்பது.

மேலே சொன்ன மெட்டீரியல் சின்னத்தில் தூண்கள் மூன்று! வாசல் இருக்க வேண்டிய இடத்தில் தூண். சின்ன அளவில் நாலு தூண் நெருக்கமாகத் தெரியும் என்று மூன்று வைத்திருப்பார்கள். இருந்தாலும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டடத்துக்குள் எப்படி நுழைவது என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 8

நிறம். கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளை, சாம்பல், வெளிர் மஞ்சள் என்றுதான் வரைகிறார்கள். உண்மையில் கிரேக்கக் கோவில்களின் மேல் பகுதியிலும் சிற்பங்களிலும் சிவப்பும் நீலமும் தீட்டியிருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் வண்ணம் உதிர்ந்துபோய்க் கல் மட்டும் மிஞ்சியது. அதையே அசல் என்று பின்னால் வந்தவர்கள் பிரதி எடுத்தார்கள். 1930களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினன் சிற்பங்களை வெள்ளையாக்குவதற்காகச் சுரண்டித் தேய்த்த கொடுமையும் நடந்தது. அந்த வெள்ளை ஆசைதான் இன்று நம் கீபோர்டில் இருக்கிறது.

ஜூன் 9

சில சுயவிவரங்களில் பெயருக்குப் பக்கத்தில் 🏛️ தனியாக இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒரே அர்த்தம் இல்லை. சட்டம் படிப்பவர் போடுகிறார், தொல்லியல் மாணவர் போடுகிறார், கட்டடக் கலைஞர் போடுகிறார், அரசுத் துறையில் வேலை பார்ப்பவரும் போடுகிறார். இவர்களோடு இன்னொரு வகையினரும் உண்டு. பளிங்குச் சிலை முகத்தைப் படமாக வைத்துக்கொண்டு, "பழைய மேற்கு உயர்ந்தது, நவீனக் கட்டடங்கள் அசிங்கம்" என்று எழுதுபவர்கள். அவர்களில் சிலருக்குக் கட்டடக்கலை மேல் உண்மையான ஆர்வம் இருக்கிறது, சிலருக்கு அது ஒரு திரை மட்டுமே, பின்னால் இன வெறுப்பு இருக்கிறது. இது சமூக ஊடகத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 2020 டிசம்பரில், அரசுக் கட்டடங்களுக்கு இந்தப் பாணியை முன்னிறுத்தி அதிபர் ஆணை ஒன்று வந்தது. 2021 பிப்ரவரியில் அடுத்த அதிபர் அதை ரத்து செய்தார். 2025 ஆகஸ்டில் அதே நோக்கில் மறுபடி ஓர் ஆணை. தூண்கள் இன்னமும் அரசியல்தான்.

எமோஜியை மட்டும் பார்த்து ஆளை எடை போடாதீர்கள். நாலு பதிவு படித்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 11

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன், எனக்கு இதில் கோபம் இருக்கிறது.

எங்கள் உறவினர் ஒருவருக்கு வங்கியிலிருந்து வந்தது போல ஒரு செய்தி. தொடக்கத்தில் 🏛️, பிறகு தடித்த எழுத்தில் "முக்கிய அறிவிப்பு", பிறகு கணக்கு முடக்கப்படும் என்ற மிரட்டல், கடைசியில் ஒரு இணைப்பு. அவர் அழுத்திவிட்டார். பணம் போனது. பிறகு பேசும்போது, "ஏன் நம்பினீர்கள்?" என்று யாரோ கேட்டார்கள். "மேலே அரசாங்க முத்திரை இருந்ததே" என்றார். அவர் முத்திரை என்று சொன்னது இந்த எமோஜியை.

நம் கீபோர்டில் இருப்பது அவர்கள் கீபோர்டிலும் இருக்கிறது. 🏛️ யாரும் யாருக்கும் வழங்கும் அங்கீகாரம் இல்லை, இதைப் போடுவதற்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டடம் இத்தனை நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த மரியாதை அந்தச் சின்னப் படத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. கல்லில் கட்டும்போது குறைந்தது பணமும் வருடங்களும் செலவானது. ஓடிப் போகிறவன் 44 தூண் நட்டுவிட்டு ஓட மாட்டான். எமோஜிக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டில் வயதானவர்களுக்குப் போன் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: செய்தியில் இருக்கும் படம் எதுவும் முத்திரை அல்ல. ⚖️ இருந்தாலும், ✅ இருந்தாலும், 🏛️ இருந்தாலும். அனுப்பிய எண்ணை நம்பாமல், வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நாமே பேசிக் கேட்க வேண்டும்.

ஜூன் 11, பின்னிரவு

எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பொது அலுவலகங்கள் சார்பில் செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நானும் ஒரு நூலகத்துக்கு அறிவிப்புகள் எழுதுகிறேன், முன்பு தலைப்பில் 🏛️ வைப்போம். அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான் காரணம். இப்போது எடுத்துவிட்டோம். உண்மையான நிறுவனங்கள் இதை அலங்காரமாகப் பழக்கிவிட்டால், போலிகள் அந்தப் பழக்கத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. பெயர், முகவரி, பேச ஒரு எண், இவை போதும்.

ஜூன் 13

"எமோஜி அனுப்பினேன், அவருக்குக் கறுப்புக் கோடுகளால் ஆன படமாகப் போயிருக்கிறது." இது பழுது இல்லை. இந்தக் குறி இயல்பாக எழுத்து வடிவில்தான் தோன்ற வேண்டும் என்று யூனிகோடு வைத்திருக்கிறது. வண்ணப் படம் வேண்டுமென்றால் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவத்தேர்வுக் குறி சேர வேண்டும். போன் கீபோர்டு தானாகவே சேர்த்துவிடும். சில பழைய நிரல்கள் நகல் எடுக்கும்போது அதை உதிர்த்துவிடும், அப்போது மிஞ்சுவது கறுப்புக் கோடு. 🏦 வங்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது பிறந்ததிலிருந்தே வண்ணம்.

ஜூன் 14

பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதியதை இங்கே எல்லோரும் கவனிக்க வேண்டும். திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் அவருடைய திரை வாசிப்பான் ஒவ்வொரு 🏛️ வரும்போதும் அதன் முழுப் பெயரையும் சொல்கிறது. ஒரு சுற்றுலாப் பட்டியலில் வரிக்கு வரி புள்ளிக்குப் பதில் இதை வைத்திருந்தார்களாம். இடத்தின் பெயர் வருவதற்குள் ஒவ்வொரு முறையும் 'கிளாசிக்கல் பில்டிங்' கேட்டுக் கேட்டுப் பட்டியலையே மூடிவிட்டார். பட்டியலுக்குச் சாதாரணப் புள்ளி வையுங்கள். எமோஜி வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் வாக்கியத்தின் முடிவில்.

ஜூன் 16

"இதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறீர்களா?" இல்லையே. நானே போடுகிறேன். பக்கத்தில் துணை வைத்துப் போடுகிறேன். 🏛️⚖️ என்றால் நீதிமன்றம் என்று எவருக்கும் புரியும். 🏛️🎓 பல்கலைக்கழகம். 🏛️🗳️ என்றால் தேர்தல், சட்டமன்றம். 🏛️🖼️ அருங்காட்சியகம், அல்லது கலைக்கூடம். வங்கிக்கு 🏦 இருக்கும்போது இது வேண்டாம், நூலகத்துக்கு 📚 போதும். பழைய கிரேக்கம், ரோம் பற்றிப் பேசும்போது மட்டும் இது தனியாக நிற்கலாம், அங்கே அது தன் சொந்த வீட்டில் இருக்கிறது.

பார்த்தினன்தானா என்று முதலில் கேட்டவருக்கு இன்னொன்று. அந்தக் கட்டடமே ஒரே பொருளில் நின்றதில்லை. கோவிலாக இருந்தது, பணம் காத்தது, தேவாலயம் ஆனது, மசூதி ஆனது, பிறகு வெடிமருந்துக் கிடங்கு. 1687இல் வெனிஸ் படையின் குண்டு அந்த மருந்தின் மேல் விழுந்துதான் நடுப்பகுதி சிதறியது. எமோஜி இன்றைக்குப் படுகிற பாட்டை அது முன்பே பட்டுவிட்டது.

ஜூன் 17

கேட்டவர் பதில் போட்டுவிட்டார்: அவர்கள் போனது அருங்காட்சியகம்தானாம். அடுத்த முறை 🏛️🖼️ போட்டு, பக்கத்தில் அருங்காட்சியகம் என்றும் எழுதிவிடுங்கள். அந்தப் பதறிப்போன நண்பருக்காக.